வார்டு டூட்டியோடு பட்டப்படிப்பு: கோலாலம்பூர்த் தாதியருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வேலை செய்யும் நம் தாதியரில் பலர் டிப்ளோமாவோடு நின்றவர்கள். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்ததும் தாதியர் கல்லூரி, மூன்று ஆண்டுப் படிப்பு, வாரியத் தேர்வு, உடனே வார்டு. அதன்பின் கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள். பட்டம் வாங்கலாமா என்ற நினைப்பு வரும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். "இனிமேல் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். இனிமேலும் படிக்கலாம். வேலையில் இருக்கும் தாதியருக்கென்றே படிப்புகள் இருக்கின்றன, முடித்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் பலர் தொடங்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்ததும் பதிவுக் கட்டணம் கட்டுகிறார்கள்; வகுப்பு தொடங்கிய பிறகு வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் போய் விடுப்புக் கேட்கிறார்கள்; மூன்றாவது மாதம் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு அறிவோ உழைப்போ குறைவில்லை. முதலில் டூட்டிப் பட்டியல், பிறகு பல்கலைக்கழகம், கடைசியில்தான் பணம் என்று போயிருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

எந்தப் படிப்பு உங்களுக்கு உரியது

தாதியியல் இளங்கலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற பல்கலைக்கழக முன்படிப்பை முடித்த பிள்ளைகள் சேரும் நான்காண்டு முழுநேரப் படிப்பு. அதை முடித்த பிறகே அவர்கள் தாதியராகப் பதிவு பெறுவார்கள். மற்றது, ஏற்கெனவே மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்று வேலை செய்பவர்களுக்கானது. இதைப் போஸ்ட் ரெஜிஸ்ட்ரேஷன் படிப்பு என்பார்கள். விசாரிக்கப் போகும்போது இந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் முகப்பில் இருப்பவர் நான்காண்டுப் படிப்பின் கையேட்டை எடுத்து நீட்டிவிடுவார்.

இந்த இரண்டாவது வகையில் ஊசி போடவும் படுக்கை விரிக்கவும் மறுபடி கற்றுத்தர மாட்டார்கள். உங்கள் டிப்ளோமாவில் ஒரு பகுதியைக் கிரெடிட்டாக, அதாவது ஏற்கெனவே படித்து முடித்த பாடமாக, ஏற்றுக்கொள்வார்கள். மீதியில் உடல்நிலை மதிப்பீடு, ஆய்வு முறை, புள்ளியியல், வார்டு நிர்வாகம், நெறிமுறை, சமூக சுகாதாரம், ஆதாரம் சார்ந்த பராமரிப்பு போன்ற பாடங்கள் வரும். முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. வேலையோடு படித்தால் மூன்று, நான்கு ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் நிலையில் இருக்கும் சமூகத் தாதியர் நேரடியாக இதற்கு வர முடியாது. முதலில் டிப்ளோமாவுக்கு உயர வேண்டும்.

பட்டம் எதைத் தரும், எதைத் தராது

அரசாங்க மருத்துவமனையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். டிப்ளோமா தாதியரின் பதவித் தரம் முன்பு யு29, பட்டதாரிகளுடையது யு41. 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பொதுச் சேவை ஊதிய முறையில் இவை யு5, யு9 என்று மாறின. பட்டச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யு5 தானாக யு9 ஆகிவிடாது. காலியிடம் அறிவிக்கப்பட வேண்டும், நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், தேர்வும் நேர்முகமும் தாண்ட வேண்டும். பட்டம் அந்த வரிசையில் நிற்கும் தகுதியை மட்டுமே தருகிறது. அடுத்த மாதமே சம்பளம் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் கல்லூரியின் விற்பனைப் பிரிவில் இருந்தாலும் சரி.

தனியார் மருத்துவமனைகளில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வழக்கம். பட்டத்துக்கென்று தனி அலவன்ஸ் உண்டா, பொறுப்பு உயர்வில் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுமா என்று உங்கள் மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். தாதியர் கல்லூரியில் கற்பிக்க ஆசையிருந்தால் பட்டம் கட்டாயம் வேண்டும். முதுகலைக்கும் அதுவே வாசல். ஆஸ்திரேலியா போன்ற நாட்டில் பதிவுக்கு விண்ணப்பித்தால், உங்கள் படிப்பை அந்நாட்டு இளங்கலைப் படிப்போடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். டிப்ளோமா மட்டும் இருப்பவர்களுக்கு அங்கே வழி நீளமாகிவிடும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் மனம் முழுக்க டயாலிசிஸ் பிரிவிலோ, தீவிர சிகிச்சைப் பிரிவிலோ, பிரசவ அறையிலோ இருக்கிறது, அந்த வேலையில்தான் இன்னும் கைதேர்ந்தவராக வேண்டும் என்றால் முதலில் அந்த ஒரு துறையில் மட்டும் சிறப்புப் பயிற்சி தரும் போஸ்ட் பேசிக் படிப்புக்கு விண்ணப்பியுங்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டு. பட்டப்படிப்பு அதன்பிறகும் காத்திருக்கும். "ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்ற கேள்வி உங்களை உறுத்திக்கொண்டே இருந்தால், வார்டை நடத்தும் முறையே மாற வேண்டும் என்று தோன்றினால், பட்டப்படிப்புதான் உங்கள் இடம்.

டூட்டிப் பட்டியலைக் கையில் எடுங்கள்

மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். ஒரு பருவத்தைப் பதினைந்து வாரமாக எடுத்துக்கொண்டால் ஒரு பாடத்துக்கு வாரம் எட்டு மணி நேரம். இரண்டு பாடத்துக்குப் பதினாறு. மூன்று பாடம் எடுத்தால் இருபத்து நான்கு மணி நேரம். ஏழு மணிக்கு ஏறி இரண்டு மணிக்கு இறங்கும் காலை டூட்டி மூன்றையும் தாண்டுகிறது. வார டூட்டிக்கு மேல் இதையும் சுமக்க வேண்டும்.

ஆகவே கடந்த இரண்டு மாத டூட்டிப் பட்டியலை எடுத்து மேசையில் விரியுங்கள். காலை டூட்டி முடிந்து இரண்டு மணிக்கு இறங்கிய நாட்களைக் குறியுங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் நேரம், சமையல், கோயில், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போகும் நாள் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் படிப்பு நேரம். அது வாரம் எட்டு மணி நேரம்தான் என்றால் முதல் பருவத்தில் ஒரு பாடம் மட்டும் எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் பருவத்தில் ஆர்வத்தில் நான்கு பாடம் எடுத்தவர்களைவிட, ஒன்றிரண்டோடு தொடங்கியவர்களே கடைசிவரை நிற்கிறார்கள்.

நைட் டூட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை நின்றுவிட்டு, அந்தப் பகலில் கட்டுரை எழுத உட்காராதீர்கள். எழுதியதை மறுநாள் பார்த்தால் அழித்துவிடத் தோன்றும். அன்றைய வேலை தூக்கம். நைட் முடிந்து கிடைக்கும் ஓய்வு நாளின் பிற்பகுதியை வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், எழுதுவதற்கு வேண்டாம்.

இனி சிஸ்டரிடம் பேசுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். பல்கலைக்கழகம் அந்த ஆண்டுக்கு வெளியிட்டிருக்கும் வகுப்பு நாட்கள், தேர்வு நாட்கள், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போக வேண்டிய வாரங்கள் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "படிக்கப் போகிறேன், கொஞ்சம் உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அவரால் எதையும் செய்ய முடியாது. "இந்த நான்கு சனிக்கிழமையும் எனக்குக் காலை வேண்டாம், பதிலுக்குப் பொது விடுமுறையில் நைட் எடுத்துக்கொள்கிறேன்" என்றால் அவருக்குக் கணக்குப் போட வசதியாக இருக்கும். டூட்டி மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் தோழி ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீபாவளிக்கு விடுப்பு விட்டுக்கொடுத்தவர்களுக்கு நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் கைகொடுக்கும் வழக்கம் நம் வார்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது. படிப்புக்கும் அதே கொடுக்கல் வாங்கல்தான்.

அரசாங்கச் சேவையில் இருப்பவர்கள் பகுதிநேரப் படிப்புக்குத் துறைத் தலைவரின் அனுமதியை எழுத்தில் பெற்றுவிடுங்கள். படித்து முடித்தபின் அந்தக் கடிதத்தைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் வேலை, மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ. இணையத்தில் வைத்திருக்கும் தகுதிப் பதிவேட்டைத் திறப்பது. கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் அதே படிப்பின் பெயர், அதே வளாகம், முழுநேரமா தொலைநிலையா என்ற விவரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்பதையும் பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்கே நடத்தப்படும் படிப்புக்கும் இதே சோதனைதான். பிறகு தாதியர் வாரியத்தையும் கேளுங்கள். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் நம் தொழிலுக்குப் பொறுப்பு அவர்களிடம்தான் இருக்கிறது.

வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிக்கும் இடம் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 11 அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்துவது. 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. பாடங்கள் பெரும்பாலும் இணையம் வழி நடக்கும். மலாயாப் பல்கலைக்கழகமும், செராஸில் மருத்துவ வளாகம் வைத்திருக்கும் தேசியப் பல்கலைக்கழகமும் தாதியியல் பட்டப்படிப்பில் நீண்ட அனுபவம் உள்ளவை. அங்கே நேரில் படிப்பதில் ஒரு தனிப் பலன் உண்டு: நூலகம், ஆசிரியர், பக்கத்திலேயே பயிற்சி மருத்துவமனை. முழுநேரமாக வர முடிந்தால், சம்பளத்தோடு கூடிய படிப்பு விடுப்புக் கிடைத்தால், நான் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். புக்கிட் ஜாலிலில் இருக்கும் ஐ.எம்.யு. உள்ளிட்ட தனியார் பல்கலைக்கழகங்களிலும் விசாரியுங்கள்.

விசாரிக்கும்போது கட்டணத்துக்கு முன்பாக இவற்றைக் கேளுங்கள். என் டிப்ளோமாவில் எத்தனை கிரெடிட்டை ஏற்பீர்கள்? போஸ்ட் பேசிக் முடித்திருந்தால் அதற்கும் கிரெடிட் உண்டா? மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம், அதை என் சொந்த மருத்துவமனையிலேயே செய்ய முடியுமா? ஒரு பருவம் விட்டுவிட்டுத் தொடர வேண்டியிருந்தால், பேறுகால விடுப்பு வந்தால், என்ன நடக்கும்? தேர்வு நேரிலா, இணையத்திலா? பயிற்சி பற்றிய கேள்விதான் பலருக்கு இடியாக இறங்குகிறது. வகுப்பெல்லாம் இணையத்தில் என்று சேர்ந்துவிட்டு, கடைசி ஆண்டில் வேறு மருத்துவமனைக்குப் பகல் நேரத்தில் போகச் சொல்லும்போது விடுப்பு மிச்சம் இருக்காது.

தாள்களும் பணமும்

தேவைப்படுபவை பெரும்பாலும் இவை: அடையாள அட்டை நகல், எஸ்.பி.எம். சான்றிதழ், டிப்ளோமாவும் அதன் மதிப்பெண் பட்டியலும், வாரியப் பதிவுச் சான்றிதழ், நடப்பாண்டுத் தொழில் உரிமம், பணி உறுதிக் கடிதம். நகல்களில் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும். டிப்ளோமா படித்த கல்லூரி மூடப்பட்டிருந்தாலோ பெயர் மாறியிருந்தாலோ மதிப்பெண் பட்டியலைத் தேடுவதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். அதை முதலில் தொடங்குங்கள். சில பல்கலைக்கழகங்கள் எம்.யு.இ.டி. போன்ற ஆங்கிலத் தேர்வையும் கேட்கும்.

பணத்துக்கு வழிகள் பல. தனியார் துறையில் இருப்பவர்கள் ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிந்தபின், கல்விக்கான பணம் அக்காவுன் செஜாத்ரா என்ற இரண்டாவது கணக்கிலிருந்து வருகிறது. ஓய்வுகாலப் பணம் அது என்பதால் முழுக் கட்டணத்துக்கும் அதையே நம்புவது எனக்கு உடன்பாடில்லை. ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. நம் சமூகத்தினருக்குக் கல்விக் கடன் தருகிறது. அரசாங்க ஊழியருக்கு ஹாடியா லாத்திஹான் பெர்செக்குத்துவான் என்ற கூட்டரசுப் பயிற்சி உதவித்தொகை உண்டு; போட்டி கடுமை, இருந்தும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். பி.டி.பி.டி.என். என்ற தேசிய உயர்கல்விக் கடன் நீங்கள் தேர்ந்தெடுத்த படிப்புக்கும் அதன் முறைக்கும் கிடைக்குமா என்று பல்கலைக்கழகத்திலேயே கேளுங்கள்.

சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. இளங்கலை நிலையில் இது அறிவியல், தொழில்நுட்பம், சட்டம், கணக்கியல் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கே என்பதால், உங்கள் படிப்பு அதற்குள் வருமா என்று வருமான வரி அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சில தனியார் மருத்துவமனைகள் கட்டணத்தைக் கட்டிவிட்டு ஒப்பந்தம் போடும். கையெழுத்துப் போடும் முன் எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும், அந்தக் காலம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, இடையில் விலகினால் முழுத் தொகையா மீதித் தொகையா, ஒரு பாடத்தில் தோற்றால் மறுகட்டணம் யாருடையது என்ற நான்கையும் தாளிலேயே பார்த்துவிடுங்கள்.

முதல் பருவம்: எழுதப் பழகுவது

கடினமான இடம் இதுதான். அரசாங்கக் கல்லூரியில் படித்தவர்கள் மலாயில் படித்திருப்போம், வீட்டில் தமிழ், வார்டில் எல்லாம் கலந்து பேசுவோம். பட்டப்படிப்பின் கட்டுரைகளும் ஆய்விதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மொழியைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வார்டில் நாம் அறிக்கை எழுதப் பழகியவர்கள். "பிரானுலா வலது கை, சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை" என்று கண்டதைக் கண்டபடி, சுருக்கமாக, கருத்துச் சொல்லாமல் எழுதுவதுதான் அங்கே நல்ல எழுத்து. பல்கலைக்கழகம் கேட்பது அதற்கு நேர் எதிர்: நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள், அதற்கு ஆதாரம் என்ன?

அதே பிரானுலாவை, அதாவது மருந்து ஏற்ற இரத்தநாளத்தில் செருகும் மெல்லிய குழாயை, எடுத்துக்கொள்வோம். உங்கள் வார்டில் அதை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். இரத்தநாளம் எளிதில் கிடைக்காத ஒரு பாட்டி, மறுபடி குத்த வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்கிறார். குத்திய இடம் நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியே ஒரு கட்டுரைக்குப் போதும். முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள்: யாருக்கு, எதைச் செய்தால், எதைவிட, என்ன பலன்? வார்டில் இருக்கும் வயது வந்த நோயாளிகளுக்கு, அறிகுறி தெரிந்தால் மட்டும் மாற்றுவது, குறித்த நேரத்தில் மாற்றுவதைவிட இரத்தநாள அழற்சியை அதிகப்படுத்துமா? இப்போது தேடலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் தேடினால், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் குழுவின் தொகுப்பாய்வு கிடைக்கும். இரத்தநாள அழற்சி ஏற்படுவதில் இரண்டு முறைக்கும் தெளிவான வேறுபாடு இல்லை என்று அது சொல்கிறது.

இதை வைத்து ஒரு பத்தி எழுதுங்கள். முதல் வாக்கியத்தில் நீங்கள் சொல்ல வருவது. அடுத்து அந்த ஆய்வு கண்டது, யாருடைய ஆய்வு, எந்த ஆண்டு. அதற்கடுத்து உங்கள் வார்டுக்கு அது எப்படிப் பொருந்தும், எங்கே பொருந்தாது. ஒவ்வொரு டூட்டியிலும் குத்திய இடத்தைப் பார்த்துக் குறிக்க ஆள் போதாத வார்டில் "அறிகுறி தெரிந்தால்" என்பதை யார் பார்ப்பது? இந்தக் கடைசி வாக்கியத்தை எந்த ஆய்விதழும் உங்களுக்கு எழுதித் தராது. பத்தாண்டு வார்டில் நின்றவரால்தான் எழுத முடியும். அங்கேதான் உங்களுக்கு மதிப்பெண்.

வகுப்புத் தொடங்கும் முன்பே வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் வாசித்து, நான்கு வரியில் சொந்த வார்த்தையில் எழுதிப் பழகுங்கள். முதலில் தமிழில் யோசித்து எழுதினாலும் பரவாயில்லை. வீட்டில் அமைதி கிடைக்காவிட்டால் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்துக்கோ, டத்தாரான் மெர்டேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கோலாலம்பூர் நூலகத்துக்கோ போங்கள்.

போன ஆண்டு படித்தவரின் கட்டுரையை வாங்கிப் பார்த்து எழுதாதீர்கள்; டர்னிட்டின் போன்ற மென்பொருள் வரிக்கு வரி பிடித்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று பல்கலைக்கழகத்தின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியின் கோப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டில் வைத்து எழுதுவது கூடவே கூடாது. பெயர், படுக்கை எண், அடையாள அட்டை எண் எதுவும் கட்டுரையில் வரக் கூடாது.

கடைசி ஆண்டு ஆய்வு

சிறிய தலைப்பாக எடுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு செய்வதானால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே ஒரு கேள்வித்தாளையாவது கொடுக்கலாம். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் காலத்தை உங்கள் கால அட்டவணையில் தாராளமாகச் சேருங்கள். புள்ளியியலைக் கண்டு பயப்படுபவர்கள் நிறையப் பேர். நீரிழப்புக் கணக்கும் சொட்டு வேகமும் மனத்தில் போடுகிறவர்களுக்குச் சராசரியும் சதவீதமும் பெரிய விஷயமில்லை. மென்பொருளை ஒரு முறை யாராவது உட்கார வைத்துக் காட்டினால் போதும்.

முடித்த பிறகு

பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம். படிப்பு முடிந்ததைப் பல்கலைக்கழக செனட் உறுதிசெய்ததும் கடிதம் கேட்டு வாங்குங்கள். அரசாங்கச் சேவையில் இருப்பவர்கள் அரசாங்க ஊழியர் தகவல் முறையான எச்.ஆர்.எம்.ஐ.எஸ். பதிவில் புதிய தகுதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பொதுச் சேவை ஆணையத்தின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனியுங்கள். தனியாரில் இருப்பவர்கள் மனிதவளப் பிரிவில் நகலைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தேதியையும் உங்கள் பிரதியில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்பள மறுஆய்வில் எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்ற பேச்சு எழும்போது அந்தத் தாள் தேவைப்படும்.